நல் என்றால் நல்லது இல்லை

மார்ச் 3

அன்புள்ள வக்கீலுக்கு,

யாரிடமிருந்து வந்த மின்னஞ்சல் என்று பார்த்ததும் மூடிவிடாதே. மேலே தலைப்பில் எழுதியிருப்பது சாக்குப்போக்கு இல்லை. நிஜமாகவே எனக்கு டேட்டாபேஸில் ஒரு சிக்கல். அதனோடு பேசும் பாஷை தெரிந்தவர் என்று எனக்கு உன்னைத் தவிர ஒருவரும் இல்லை. உன் பழைய போன் எண் இப்போது ஒரு டயர் கடைக்காரரிடம் இருக்கிறது. நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார், ஆனால் அவருக்கு எஸ்.க்யூ.எல். பாஷை தெரியவில்லை.

உன்னை இப்போது எப்படி அழைப்பது என்றும் தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுகிறாய் என்று நம் வீட்டில் நான் வைத்த பட்டப்பெயர்தான் கைக்கு வந்தது. அதையே போட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ரத்த வங்கியில் என்னைச் சோதனைக்கூடத்திலிருந்து கொடையாளர் பதிவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். “உக்காந்து பாக்குற வேலைதான், உங்களுக்கு ஓய்வா இருக்கும்” என்றார் இயக்குநர். ஓய்வு! இந்தப் பதிவேட்டைக் கட்டிய புரோகிராமர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். போகும்போது தயார் கட்டளைகள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கட்டளைகளில் வரும் தேதியையும் ரத்த வகையையும் மாற்றிப் போட்டுத் தேட நானே பழகிக்கொண்டேன். ஒரு புத்தகமும் வாங்கி முக்கால்வாசி முடித்துவிட்டேன்.

நேற்று பிரசவ வார்டு டாக்டரம்மா வந்தார். ஓ நெகட்டிவ் கர்ப்பிணி ஒருத்தி. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. ரத்தம் நிறையப் போகலாம் என்பதால், கூப்பிட்டால் உடனே வரக்கூடிய ஓ நெகட்டிவ் ஆட்களின் பட்டியல் வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் கொடுத்தவர்களை மட்டும் விட்டுவிட வேண்டும். கேட்டதை அப்படியே கட்டளையாக எழுதி ஓட்டினேன். வந்த பதில்: பூஜ்யம். ஓர் ஆள்கூட இல்லையாம். தபால்காரர், பேக்கரிக்காரர், நீச்சல் பயிற்சியாளர் என்று என் கையாலேயே ஊசி போட்டு எடுத்தவர்களை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மெஷின் இல்லை என்கிறது.

“மெஷின் பொய் சொல்லுது டாக்டர்” என்றேன்.

“அப்போ நீங்க உண்மைய எடுத்துக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு முகம் தெரிந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். தெரியாதவர்கள் எத்தனை பேரோ. என் கட்டளையைக் கீழே ஒட்டியிருக்கிறேன். பார்த்துச் சொல்வாயா? வேறு எதைப் பற்றியும் பேசமாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
கொடையாளர் பதிவுப் பொறுப்பாளர்
(உனக்கு நான் என்ன என்பதை நீயே நிரப்பிக்கொள்.)

*

மார்ச் 3, மாலை

வணக்கம்.

பார்த்தேன். உங்கள் மெஷின் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கட்டளையின் கடைசிப் பகுதி ‘நாட் இன்’. அதாவது, சமீபத்தில் ரத்தம் கொடுத்தவர்களின் எண்கள் இருக்கும் பட்டியலில் யார் இல்லையோ அவர்களைக் காட்டு என்கிறீர்கள். அந்தச் சமீபப் பட்டியலில் எங்கோ ஒரு வரியில் கொடையாளர் எண் போடாமல் விட்டிருக்கிறார்கள். அதைப் பூஜ்யம் என்று நினைக்காதீர்கள். அது ‘தெரியாது’ என்ற நிலை. ‘நல்’ என்பார்கள். தபால்காரர் அந்தப் பட்டியலில் இல்லையா என்று மெஷின் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வருகிறது. இந்தக் காலி வரிக்கு வந்ததும், ‘இது யாரென்று தெரியாது, தபால்காரராகவும் இருக்கலாமே’ என்று நின்றுவிடுகிறது. உறுதியாக இல்லை என்று சொல்ல முடியாதவரை அது வெளியே விடாது. பேக்கரிக்காரருக்கும் அதே கதி. ஊரில் இருக்கும் எல்லோருக்கும் அதே கதி.

உள்பட்டியலில் ‘எண் காலியாக இல்லாதவை மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். திருத்தியதைக் கீழே வைத்திருக்கிறேன். பட்டியல் வந்ததும் அந்தக் காலி வரியையும் தேடிப் பிடியுங்கள். அவரும் ரத்தம் கொடுத்த ஒரு மனிதர்தான். யாரென்று தெரியும் வரை, டாக்டர் போன் போடும்போது எல்லோரிடமும் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

டேட்டாபேஸ் பற்றி எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். வீட்டைப் பற்றியும் அவரைப் பற்றியும் வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. என்னால் இப்படித்தான் முடியும்.

நீங்கள் பதவியைப் போட்டுக் கையெழுத்து வைத்ததால் நானும் அப்படியே.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் நிர்வாகி,
சரக்குக் கப்பல் அலுவலகம்

*

மார்ச் 12

அன்புள்ள வக்கீலுக்கு,

பட்டியல் வந்தது! அச்செடுத்தபோது காகிதம் தரை வரை தொங்கியது. அதைத் தோளில் சால்வை மாதிரி போட்டுக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போனேன். டாக்டரம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே ரத்தம் போனது. நீச்சல் பயிற்சியாளர் ஈரத் தலையோடு ஓடி வந்தார். எனக்கு முகமே தெரியாத ஒரு தையல்காரப் பெண்ணும் வந்தாள். அவள் உன் பட்டியலில் இருந்து வந்தவள். என் ஞாபகத்தை மட்டும் நம்பியிருந்தால் அவளைக் கூப்பிட்டிருக்கவே மாட்டோம். பெண் குழந்தை. பிறந்தவுடனேயே வார்டு அதிர ஒரு கத்து. கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது.

காலி வரியையும் பிடித்துவிட்டேன். ஒரு தொழிற்சாலை முகாமில் கொடுத்த வெல்டர். கார்டை மறந்து வந்திருக்கிறார். எழுதியவர் “அப்புறம் போட்டுக்கலாம்” என்று விட்டுவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை. நான் நல் என்றால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கெட்டதற்கு யார் வைத்தார்கள் இந்தப் பெயரை?

இப்போது அடுத்த தலைவலி. பேக்கரிக்காரரை என் பிரிவில் இருக்கும் மூன்று பேரும் ஒரே காலையில் தனித்தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை அவர், “அம்மா, எனக்கு இருக்கறது ஒரே உடம்பு” என்றாராம். பட்டியலில் அவர் மூன்று முறை இருக்கிறார். ‘டிஸ்டிங்க்ட்’ போட்டால் இரட்டிப்பு போய்விடும் என்று புத்தகம் சொல்கிறது. போட்டேன். அவர் போகவில்லை.

வாக்குக் கொடுத்தபடி வேறொன்றும் பேசவில்லை. என் பையன் இளைத்துவிட்டான் என்பதைத் தவிர. இந்த வரியை அழிக்க எனக்குத் தெரியும். ஒரே வரிதானே என்று விட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
பதிவுப் பொறுப்பாளர்

*

மார்ச் 14

வணக்கம் அத்தை,

விதிமீறல் கணக்கில் ஏறிவிட்டது. அந்த வரியை நான் படிக்கவில்லை. படிக்காததால் பதிலும் கிடையாது.

பேக்கரிக்காரருக்கு மூன்று போன் எண்கள் இருக்கும், பாருங்கள். கடை, வீடு, கைபேசி. ஆட்களின் அட்டவணையில் அவர் ஒரு வரி. எண்களின் அட்டவணையில் மூன்று வரி. இரண்டையும் நீங்கள் சேர்க்கும்போது எண்ணுக்கு ஒருவராக அவர் பெருகிவிடுகிறார். எண்கள் வேறு வேறு என்பதால் டிஸ்டிங்க்ட் கண்ணுக்கு மூன்றும் வெவ்வேறு வரிகள்தான். ஆளுக்கு ஓர் எண்ணை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். போனே இல்லாதவர்கள் உங்கள் பட்டியலில் இருந்து சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தார்கள். இனி விழமாட்டார்கள். அவர்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நீங்கள் முக்கால் புத்தகத்தில் இவ்வளவு தூரம் வந்திருப்பது எனக்கு ஆச்சரியம் இல்லை. என் அலுவலகத்தில் பட்டம் வாங்கி வந்த பையன்கள் கட்டளை ஓடவில்லை என்றதும் எனக்குப் போன் போடுகிறார்கள். நீங்கள் ஓடிய கட்டளையைச் சந்தேகப்பட்டு எழுதினீர்கள். அதுதான் இந்த வேலைக்கு வேண்டிய புத்தி.

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் குழுத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மூன்று பேர் போட்டி. நான்தான் வாங்குவேன்.

ஒரு எச்சரிக்கை. இதுவரை நீங்கள் ஓட்டியதெல்லாம் பார்க்கும் கட்டளைகள். மாற்றும் கட்டளைகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அப்படி ஒன்று எழுத வேண்டிவந்தால் முதலில் எனக்குக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
வக்கீல்

*

ஏப்ரல் 9, காலை

வக்கீல், அவசரம்.

நீ சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு கொடையாளருக்கு ரத்த வகை தப்பாகப் பதிவாகியிருந்தது. ஒரே ஓர் ஆள்தானே என்று திருத்தும் கட்டளை எழுதினேன். மூன்று வரி. யாருக்குத் திருத்துவது என்று சொல்லும் அவருடைய எண் மூன்றாவது வரியில் இருந்தது. மவுசால் தேர்ந்தெடுத்து ஓட்டியபோது மேல் இரண்டு வரிதான் சிக்கியிருக்கிறது. இப்போது இந்த ஊரில் ரத்தம் கொடுத்த அத்தனை பேரும் ஓ நெகட்டிவ்.

கணினி அறையில் எல்லோரையும் கையை எடுக்கச் சொல்லிவிட்டு நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டேன். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு ரத்தப் பையையும் தனியாகச் சோதிக்காமல் ஏற்றமாட்டார்கள் என்பதால் எந்த நோயாளிக்கும் ஆபத்தில்லை. ஆனால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் இப்போது யாருக்கும் தெரியாது. அடுத்து எதைத் தொட வேண்டும் என்று தெரியாததால் எதையும் தொடவில்லை.

கைபேசியிலிருந்து எழுதுகிறேன்.

*

ஏப்ரல் 9

அத்தை,

நீங்கள் செய்தது எல்லாம் சரி. அந்த ஒன்றைத் தவிர. எதையும் தொடாதீர்கள். நேற்றிரவு எடுத்த காப்புப் பிரதி எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். அதைப் பழையதன் மேல் போட்டுவிடலாம் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். இன்று காலை பதிந்ததெல்லாம் போய்விடும்.

என் புது எண் கீழே இருக்கிறது. இப்போதே கூப்பிடுங்கள். மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன்.

*

ஏப்ரல் 12

அன்புள்ள வக்கீலுக்கு,

போனில் நீ பேசியதை நீ கேட்டிருப்பாய். இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாதே, அதனால் எழுதுகிறேன்.

ஸ்பீக்கரில் உன் குரல் வந்ததும் அறையில் இருந்தவர்கள் என் நாற்காலியைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். என் பிரிவுப் பெண்கள், காவலாளி, டாக்டரம்மா, எதற்கு வந்தார் என்றே தெரியாத ஒரு பிளம்பர். ‘காப்புப் பிரதியைத் தனியா ஒரு இடத்தில பிரிச்சு வைங்க. அதிலிருந்து ரத்த வகையை மட்டும் கொடையாளர் எண்ணைப் பார்த்துப் பார்த்து இங்க எடுத்துட்டு வருவோம்’ என்று நீ சொன்னபோது, பிளம்பர், “அதாவது மெயின் லைன மூடாம, ஒரு குழாய மட்டும் மாத்துறாங்க” என்று மற்றவர்களுக்கு விளக்கினார். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நீ என்னை ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கச் சொன்னாய். ஓட்டும் முன் எத்தனை வரி மாறும் என்று எண்ணச் சொன்னாய். ஓட்டிவிட்டு, நிரந்தரமாக்கும் முன் பேக்கரிக்காரரைப் பார்க்கச் சொன்னாய். அவர் பழையபடி ஓ நெகட்டிவ். அது எனக்குச் சமாதானம் தரவில்லை, தப்பான பட்டியலிலும் அவர் அதுதானே! அப்புறம் என்னையே தேடிப் பார்த்தேன். நான் பி பாசிட்டிவ் என்று வந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது. காலையில் புதிதாகப் பதிந்தவர்கள் காப்புப் பிரதியில் இல்லை அல்லவா, அவர்களைச் சோதனைக்கூட முடிவைப் பார்த்து நாங்களே கையால் போட்டுவிட்டோம். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் அவரவர் ரத்தம் திரும்பிவிட்டது.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார். வேலை போகும் என்று துணிந்துதான் போனேன்.

“யாரு அந்தப் பொண்ணு? எந்தக் கம்பெனி?” என்றார்.

“என் மருமக” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது.

அவருக்கு நம் வீட்டுக் கதை தெரியும். “உங்க பையனுக்கு விவாகரத்து ஆயிடுச்சுன்னு சொன்னாங்களே?” என்றார்.

“அவ என் பையன்கிட்டதான் சார் விவாகரத்து வாங்கினா. என்கிட்ட வாங்கலை” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, மாற்றும் கட்டளைகளை இனி இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று விதி போடலாமா என்று என்னிடமே கேட்டார். போட்டோம். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு செய்தவளே முதலில் வந்து சொன்னது அவருக்குப் பிடித்திருக்கிறது போல.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இது விதிமீறல்தான். ஆனால் மறைத்தால் அதைவிடப் பெரிய தப்பு. போன் விஷயம் என் பையனுக்குத் தெரிந்துவிட்டது. மாலையில் நான் மடிக்கணினியைத் திறந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அவளுக்குத்தானே எழுதறீங்க? கடைசியில நான் ரெண்டு வரி சேர்க்கட்டுமா?”

“முடியாது.”

“ரெண்டே வரிம்மா. எதுவும் கேக்கல. சும்மா…”

“எழுதணும்னா நீயே தனியா எழுது. பதில் வருதோ வரலையோ, அது உன் பாடு. இந்தக் கடிதம் அவ என்னை நம்பி ஒத்துக்கிட்டது.”

எழுந்து போய்விட்டான். பெற்றவளுக்கு அது சுலபமில்லை. ஆனாலும் உனக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். உன் எண்ணையும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

உன் அலுவலகப் போட்டி என்னாயிற்று?

இப்படிக்கு,
அத்தை

*

ஏப்ரல் 15

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன்.

போட்டியில் நான்தான். நேர்காணலில் உங்கள் ஓ நெகட்டிவ் காலையைத்தான் சொன்னேன், ஊர் பெயர், ஆள் பெயர் இல்லாமல். எந்த ஒரு பிழையிலும் முதல் பத்து நிமிஷம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வயரைப் பிடுங்கிவிட்டு மேலதிகாரியிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். அதில்தான் கிடைத்தது.

இனி சொல்லப்போவதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நான் உங்களிடம் மறைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மனதில் ஓர் ஆசை இருக்கிறது. இளைத்துவிட்டான் என்ற அந்த ஒரு வரியில் அது இருந்தது. நான் படிக்கவில்லை என்று எழுதியது பொய். அந்த ஆசையை இனியும் வளரவிட்டால் உங்களை ஏமாற்றுவதாகிவிடும்.

ஜூன் மாதம் நான் கல்யாணம் செய்துகொள்கிறேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். உலகத்தில் உள்ள ஆறுகளெல்லாம் அத்துப்படி, ஆனால் என் அலுவலகத்துக்கு வர இன்னும் வழி கேட்கிறார். நான் வாதாடினால் கடைசி வரை கேட்டுவிட்டு, “நீ சொல்றது சரி, ஆனா நான் சொல்றதும் தப்பில்ல” என்கிறார். எனக்கு அது போதும்.

உங்கள் பையனை நான் வெறுக்கவில்லை. அவருக்கு மாற்றல் வந்தபோது வேலையை விட்டுவிட்டு வா என்றார், மாட்டேன் என்றேன். அவரும் போகவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அங்கேயே அது முடிந்துவிட்டது. திரும்ப வராது.

பதிவு அலுவலகத்தில்தான் கல்யாணம். எங்கள் அப்பா, ஒரு தடவை அனுப்பிவைத்த பெண்ணை இன்னொரு தடவை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா அவர் பேச்சைத் தாண்ட மாட்டார். என் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் வருவார்கள். எனக்கு நீங்கள்தான் வர வேண்டும் என்றிருக்கிறது.

கேட்கக்கூடாத இடத்தில் கேட்கிறேன் என்று தெரியும். முடியாது என்றால் ஒரு வரி போதும். அதையும் எழுத மனமில்லை என்றால் டேட்டாபேஸ் கேள்விகளை மட்டும் எப்போதும்போல அனுப்புங்கள். எனக்குப் புரியும்.

அன்புடன்,
வக்கீல்

*

ஏப்ரல் 22

வணக்கம்.

ஒரு சந்தேகம். கொடையாளர் பிறந்த தேதிகளை வரிசைப்படுத்தினால் பிப்ரவரிக்கு முன்னாலேயே அக்டோபர் வந்துவிடுகிறது. என்ன கட்டளை கொடுத்தாலும் இப்படியே. எங்கே தவறு?

இப்படிக்கு,
கொடையாளர் பதிவுப் பொறுப்பாளர்

*

ஏப்ரல் 22

வணக்கம்.

அந்தத் தேதிகளைத் தேதியாக வைக்காமல் வெறும் எழுத்தாகச் சேமித்திருக்கிறார்கள். எழுத்துக் கணக்கில் ஒன்றில் தொடங்கும் பத்தாம் மாதம், இரண்டாம் மாதத்துக்கு முன்னால் வரும். தேதியாக மாற்றி வரிசைப்படுத்தும் முறை கீழே. முதலில் ஒரு பிரதியில் ஓட்டிப் பாருங்கள்.

பதில் எழுதியதற்கு நன்றி.

வக்கீல்

*

மே 4

என் அருமை வக்கீலுக்கு,

தேதி வரிசை சரியாகிவிட்டது. அந்த விடை எனக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்பதை நீ கண்டுபிடித்திருப்பாய். புத்தகத்தின் கடைசிக் கால்வாசியில் அது இருக்கிறது. உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கை வரவில்லை, எழுதாமல் இருக்கவும் மனம் வரவில்லை. நடுவில் கிடைத்தது அதுதான்.

நீ சொன்னது சரி. ஆசை இருந்தது. உன் புது எண் வந்த அன்றைக்கு அது இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. என்றைக்காவது நீங்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போடுவீர்கள், நான் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மேல் கோபம் ஒரு நாள்கூட இல்லை. ஆனால் அத்தனை நாளாக வளர்த்ததை இறக்கி வைக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது. வைத்துவிட்டேன்.

என் பையனிடம் நானே சொன்னேன். வேறு யார் மூலமாகவோ அவன் காதுக்குப் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்கு ஜூன்ல கல்யாணம். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கா. நான் போறேன்” என்றேன்.

மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தான்.

“என்கிட்ட அனுமதி கேக்கறீங்களா?”

“இல்ல. தகவல் சொல்றேன்.”

“ஊர்ல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா?”

“பேசட்டும். அவ வீட்டுல ஒருத்தரும் வரலைடா. அந்த ஆபீஸ்ல அவ பக்கத்து நாற்காலி காலியா இருக்கறத என்னால நெனச்சுப் பாக்க முடியல.”

அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே, “ஆள் எப்படி?” என்றான்.

“பூகோள வாத்தியாராம். நல்லா கேப்பாராம்.”

“அது அவளுக்கு வேணும்” என்றான். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். மன்னித்தானா, மனதுக்குள் அழுதானா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை என் பயணப்பை மேஜை மேல் இருந்தது. வெகு நாளாகச் சிக்கிக்கொண்டிருந்த அதன் ஜிப்பைச் சரிசெய்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தான். இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு வேலைக்குப் போனோம்.

ஒரு செய்தி. நம் ரத்த வங்கியின் கிளைகள் எல்லாவற்றின் பதிவேடுகளையும் ஒன்றாக்கப் போகிறார்கள். அந்தப் பொறுப்பை இயக்குநர் எனக்குத் தந்திருக்கிறார். வேறு கம்பெனிக்குக் கொடுப்பதாக இருந்தது. நான் குறுக்கே நின்றேன். எனக்குக் கீழே இரண்டு பேர் வருகிறார்கள். முதல் நாளே அவர்களுக்கு மவுசைக் கொடுக்கப் போவதில்லை, உரக்கப் படிக்கச் சொல்லித்தரப் போகிறேன். இணைக்கும்போது சந்தேகம் வராமல் இருக்காது. குழுத் தலைவி ஆகிவிட்டேன், நேரமில்லை என்று என்னிடம் சொல்லிப் பார், தெரியும்.

கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுகிறேன். அழைத்துப்போக வாத்தியாரை அனுப்பாதே, நான் வேறு ஏதாவது கண்டத்துக்குப் போய்ச் சேர்வேன். நீயே வா. கையெழுத்துப் போட நல்ல பேனாவாக ஒன்று எடுத்து வருகிறேன், அந்த மாதிரி அலுவலகங்களில் பேனா எழுதாது. வாத்தியாருடைய ரத்த வகை என்ன? மறைக்காமல் சொல்லச் சொல், பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அவருக்கு எத்தனை போன் இருந்தாலும் ஒரே எண்தான் போடுவேன்.

அங்கே மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் யாராவது என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள். நீ இடையில் புகுந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. பதிலை நான் தயாராக வைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்தேன், கையெழுத்தாகவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பெண் வீட்டுக்காரி